தராசுக்காரர் பிடித்துவைத்த மூச்சு

எக்ஸ்ரே அக்கா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில், கடைசியாக வந்த மனிதரிடம் "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொன்னவர், "விடுங்க" என்று சொல்ல மறந்துபோனதால், அந்த மனிதர் ஆறு வருஷமும் இரண்டு மாதமும் மூச்சை விடாமலே இருந்தார். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. படம் எடுத்து முடித்த அதே நொடியில் நர்சுகள் நாலு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, பெரிய டாக்டர் கேக் முன்னாடி கத்தியோட நிக்கிறார், அவருக்கு ஆபரேஷனுக்கு நேரமாச்சு" என்று அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முப்பத்துநாலு வருஷமாக இழுங்க, பிடிங்க, விடுங்க என்று மூன்று சொல்லும் ஒரே சொல் மாதிரி அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன. அன்றைக்கு மட்டும் இரண்டோடு நின்றது. அடுத்த அறை ஆள் வந்து படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தான். அந்த மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு, நெஞ்சு நிறைய காற்றோடு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். படம் மிகவும் தெளிவாக வந்திருந்ததாக டாக்டர் பாராட்டினார்.

அவர் கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகத்தில் இருந்தவர். தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்றுதான் பெயர். மேலிடத்து உத்தரவு கைக்கு வராமல் நாற்காலியைக்கூட நகர்த்திப் போடாதவர் என்று அலுவலகத்தில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். மூச்சை விட்டால் பேச்சு வரும், மூச்சு விடாததால் பேச்சும் நின்றுபோயிற்று. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதிக் காட்டினார். சாப்பிட்டார், நடந்தார், அந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஜலதோஷம் பிடிக்கவில்லை. மூன்றாம் மாதம் மனைவி அவரை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனபோது, எக்ஸ்ரே அறையில் புதிதாகச் சேர்ந்திருந்தவர், "விடுங்க சார், நான் சொல்றேன்ல, விடுங்க" என்று கெஞ்சினார். தராசுக்காரர் நோட்டை எடுத்து, "பிடிக்கச் சொன்னவர் வேறு. அவர்தான் விடச் சொல்ல வேண்டும்" என்று எழுதிக் காட்டினார். அக்காவின் முகவரி கேட்டு மூன்று மனு போட்டார். ஓய்வுபெற்ற ஊழியர்களின் முகவரி வெளியாருக்குத் தரப்படுவதில்லை என்று மூன்றுக்கும் பதில் வந்தது. விதி அதுதான் என்பதால் அவர் கோபப்படவில்லை.

அவர் மனைவி முதல் வருஷம் நிம்மதியாகத் தூங்கினாள். முப்பது வருஷத்துக் குறட்டை ஒரே நாளில் நின்றிருந்தது. இரண்டாம் வருஷம் அந்த நிசப்தம் அவளைத் தின்ன ஆரம்பித்தது. சமையலறையில் நின்றபடி தானே கேள்வி கேட்டு, தானே அவர் குரலில் பதிலும் சொல்லிக்கொள்ளத் தொடங்கினாள். நாலாம் வருஷத்தில் அந்தப் பதில்கள் அவர் நிஜமாகச் சொல்லியிருக்கக்கூடியதைவிட நன்றாகவே இருந்தன என்று பக்கத்து வீட்டாரிடம் ஒப்புக்கொண்டாள்.

எக்ஸ்ரே அக்காவுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓய்வுக்குப் பிறகு ஆறு குளிர்காலங்களும் தங்கை வீட்டில், தங்கையின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் போயின. ஏழாவது குளிர்காலத்தில் பிள்ளைகள் வளர்ந்து தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டதால், மூன்றாம் மாடியில் இருந்த தன் இரண்டு அறை வீட்டிலேயே இருந்தார். காலையில் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு எழுவார். ஒன்பதே முக்காலுக்கு வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலின் கால்மாட்டில் விழும். நாற்காலியை அதில் போட்டு உட்காருவார். வெயில் அலமாரிக்கு நகர்ந்தால் அவரும் நகர்வார், சமையலறை வாசலுக்குப் போனால் அங்கேயும் போவார். பன்னிரண்டரைக்கு வெயில் எதிர்க் கட்டிடத்துக்குப் பின்னால் போனதும் அன்றைய வேலை முடிந்ததுபோல் நாற்காலியை மடக்கிவைப்பார். பாக்கெட் பால் கொண்டுவந்து போடுகிற ஆள் அந்த வருஷம் வேலையை விட்டுவிட்டதால், ஏழரை மணிக்குத் தெருமுனைப் பால் கடை வரிசையில் போய் நிற்பது புதுப் பழக்கமாயிற்று.

அந்த வரிசையில்தான் கண்டுபிடித்தார். பனி கடுமையான ஒரு புதன்கிழமை. பதினெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் வாயிலிருந்தும் கெட்டிலின் மூக்கிலிருந்து வருகிற மாதிரி ஆவி வந்துகொண்டிருந்தது. ஏழாவதாக நின்றவரிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. அக்காவுக்கு முகங்கள் நினைவில் தங்காது, நெஞ்சுகள்தான் தங்கும். உயர்ந்து நின்ற அந்த நெஞ்சையும், வலதைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்த இடது தோளையும் பார்த்தார். கேக், நர்சுகள், கதவு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அப்போதுதான் வாங்கிய பால் பாக்கெட் கை நழுவிக் கீழே விழுந்து உடைந்தது.

"ஐயோ, நான் சொல்லவே இல்லையே" என்றார்.

தராசுக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா மறுபடி வாயைத் திறப்பதற்குள் அவசரமாகக் கையை உயர்த்தித் தடுத்து, நோட்டை எடுத்து எழுதினார்: "இங்கே வேண்டாம். தயவுசெய்து வீட்டுக்கு வாங்க. முதல்ல என் மனைவிகிட்ட பேசணும்."

வீட்டில் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. மனைவி அக்காவைத் திட்டவில்லை. சூடாகக் காபி கொடுத்து, எதிரே உட்கார்ந்து, வேண்டாம் என்றாள். போன வருஷம் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். வைத்திருக்கிற மூச்சை விட்டுவிடலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் அடுத்த மூச்சை இழுக்க உடம்புக்கு ஞாபகம் இருக்குமா என்பதுதான் தெரியாது. "பேசாத மனுஷனா இருந்தாலும் இருக்கார்மா. பேசணும்னு ஆசைப்பட்டு ஆளையே இழந்துட்டா நான் என்ன செய்வேன்? நீங்க எதுவும் சொல்லாதீங்க. மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்."

அக்கா சரி என்று எழுந்து போனார். ஆனால் மறுநாள் வெயில் அலமாரிக்கு வந்தபோதும் அவர் நாற்காலி கட்டிலருகிலேயே இருந்தது. நிழலில் உட்கார்ந்திருப்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தார். பத்தரைக்கு எழுந்து தராசுக்காரர் வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். மூன்று வாரம் இப்படிப் போனது. மூவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்கள். தராசுக்காரர் தோலைக் கீறல் விழாமல் ஒரே சுருளாக உரிப்பார், மூச்சு இழுக்காததால் வாசனைதான் தெரியாது. மனைவி போர்வையின் கிழிசலைத் தைப்பாள். அக்கா செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். தான் மனைவியின் இடதுபக்கம் உட்கார்ந்து படிக்கிற நாட்களில் அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பதில்லை. கொஞ்சம் நேரம் கழித்து, கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

அன்று அவள் காபி போட உள்ளே போனபோது தராசுக்காரர் நோட்டை அக்காவின் மடியில் வைத்தார். முன்னமே எழுதி வைத்திருந்தார். "இடது காது போய்விட்டது. வலது அடுத்த குளிர்காலம் வரைதான் என்று காது டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரிப்போர்ட்டை அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். எனக்குப் பேச இருப்பதும் ஒரு வருஷம்தான். அவளுக்குக் கேட்கிற ஒரு வருஷம்."

அக்கா அதைப் படித்து முடித்தபோது மனைவி மூன்று தம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள். நோட்டை வாங்கிப் படித்தாள். தம்ளர்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள்.

"அரிசி டப்பாவை எதுக்குத் திறந்தீங்க? நீங்க எப்போ அரிசி எடுத்திருக்கீங்க?"

அவர் எழுதினார்: "எலி இருக்கான்னு பார்த்தேன்."

"எலியாம் எலி" என்றாள் அவள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து போர்வையைத் தைக்க ஆரம்பித்தாள். காபி ஆறிப்போயிற்று. "சரி, என்னைக்கு?" என்று கேட்டபோது அவள் யாரையும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா முறைப்படியே செய்ய வேண்டும் என்றார். தராசுக்காரரை மேல்சட்டை இல்லாமல், மர அலமாரியின் கதவில் நெஞ்சு படும்படி நிறுத்தி, முகவாயை உயர்த்தி, கைகளை இடுப்பில் வைத்து, தோள்களை முன்னால் தள்ளினார். ஆறு வருஷக் காற்று வீட்டுக்குள் அடைந்துகொள்ளக்கூடாது என்று ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவைத்தார்கள். மனைவி வலது காதை அவர் பக்கம் திருப்பி நின்றுகொண்டாள். அக்கா பழைய வழக்கப்படி இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். முப்பத்துநாலு வருஷத்தில் யோசிக்காமல் சொன்ன சொல்லை முதல் தடவையாக யோசித்துச் சொன்னார்.

"விடுங்க."

மூச்சு பதினான்கு நிமிஷம் வந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, கனமாக, அலமாரியில் முட்டித் திரும்பி, தரையோடு தவழ்ந்து ஜன்னல் வழியாகத் தெருவுக்கு இறங்கியது. அதில் ஃபினாயில் வாசனை இருந்தது, கேக் வாசனையும் இருந்தது. வெளியே பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. பிறகு மூச்சு வருவது நின்றுவிட்டது. தராசுக்காரரின் நெஞ்சு காற்றுப்போன பை மாதிரி ஒட்டிக்கிடந்தது. அவர் அப்படியே நின்றார். உதடு நிறம் மாற ஆரம்பித்தது.

"சாதாரணமா மூச்சு விடுங்க சார், சாதாரணமா" என்றார் அக்கா. ஆஸ்பத்திரியில் அதற்குமேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தராசுக்காரர் கண்ணை உருட்டி அக்காவைப் பார்த்தார். சாதாரணமாக என்றால் எவ்வளவு, எப்படி என்று உத்தரவில் இல்லை.

மனைவி அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "மரமாட்டம் நின்னா என்ன அர்த்தம்? இழுங்க! நான் சொல்றேன், இழுங்க! நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் இழுத்து இழுத்து விட்டுட்டே இருங்க!"

இழுத்தார். கதவு கீல் கிறீச்சிடுகிற சத்தத்தோடு உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி போனது. இருமினார், கண்ணில் நீர் வழிய அலமாரியைப் பிடித்துக்கொண்டு இன்னும் இருமினார். பிறகு, துருப்பிடித்த குரலில் சொன்னார்:

"ஜன்னலைச் சாத்து. குளிருது."

"என்ன?" என்றாள் மனைவி.

"ஜன்னலைச் சாத்துன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் சொன்னார். முதல் தடவையே கேட்டுவிட்டது என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அக்காவே போய் ஜன்னல்களைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு தராசுக்காரர் வாயை மூடவில்லை. ஆறு வருஷத்தில் பார்த்தது, படித்தது, ஒத்திப்போட்டது எல்லாவற்றையும் மனைவியின் வலது காதில் போட்டார். அவள் சமைக்கும்போது பின்னாலேயே நின்று பேசினார், குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுப் பேசினார். ஜலதோஷமும் குறட்டையும் திரும்பி வந்தன. பழைய நாட்களில் தன் குரலில் அவள் சொல்லிக்கொண்ட பதில்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவற்றில் பாதியைத் திருத்தினார், மீதியை ஏற்றுக்கொண்டார். சில நாள் அவள், "கொஞ்சம் மூச்சு விடுங்களேன், நானும் ஒண்ணு சொல்றேன்" என்று கேட்க வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னபடியே அடுத்த குளிர்காலத்தில், ஒரு வியாழக்கிழமை, வலது காதும் போயிற்று. அவள் ஒரு நாள் அழுதாள். மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்து, "ம், சொல்லுங்க" என்றாள். அவர் பேசினார். எது கேலி, எது புகார், எது வெறும் அலுப்பு என்று கையிலேயே பிரித்துத் தெரிந்துகொண்டாள். வரிகூடத் தப்பவில்லை என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா பத்தரைக்குப் போய், ஆரஞ்சு உரித்துக்கொடுத்துவிட்டு, பன்னிரண்டுக்குத் திரும்புவார்.

ஜன்னல் வழியாக இறங்கிய மூச்சு தெருவை விட்டுப் போகவில்லை. ஒன்பதாம் எண் வீட்டுக்கும் பதினோராம் எண் வீட்டுக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு, கோடையிலும் மழையிலும் அப்படியே நின்றது. முதல் வருஷம் நகராட்சியிலிருந்து பெரிய விசிறி கொண்டுவந்து பார்த்தார்கள், இரண்டாம் வருஷம் ஒரு மஞ்சள் விளக்குப் போட்டார்கள். தபால்காரர் அதன் வழியாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். பதினோராம் எண் வீட்டுக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள்: துணியைக் கீழே உலர்த்த வேண்டாம், மாடியில் போடுங்கள்.