நாலரை இஞ்ச் சுவர்

பீரோ வாசலைத் தாண்டி ஒரு முழம் போய், அதற்கு மேல் அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டது. சந்தில் நின்று இழுத்த லாரி டிரைவருக்கு முதுகை ஒட்டி மாடிப்படி. மூச்சைப் பிடித்துக்கொண்டால்தான் அங்கே ஆள் நிற்கலாம். உள்ளே நின்று தள்ளிய கொத்தனாருக்குப் பீரோவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இடப்பக்கம் சாய்த்தார்கள், வலப்பக்கம் சாய்த்தார்கள், தலைகீழாகவும் கவிழ்த்துப் பார்த்தார்கள். படிக்கட்டு விளிம்பில் உரசிப் பச்சை பெயிண்ட் உதிர்ந்ததுதான் மிச்சம்.

“இது உள்ள எப்படிண்ணே வந்துச்சு? இங்கயே பொறந்து வளந்துச்சா?” என்றான் டிரைவர்.

கொத்தனார் சிரிக்கவில்லை. எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். பீரோ வந்தபோது இது முழு வீடு. தெருவைப் பார்த்து அகலமான வாசல், பக்கத்தில் ஒரு ஜன்னல், நீளமாக ஒரு கூடம், கடைசியில் அடுப்படி. அடுப்படியிலிருந்து சந்துக்குப் போக இந்தச் சின்னக் கதவு, குப்பைக்கூடையை வெளியே வைப்பதற்கு. பிறகு வாடகை ஏறியது. கட்டுப்படியாகவில்லை என்று போய் நின்றபோது வீட்டுக்காரர் கோபப்படவில்லை. நல்லவிதமாகத்தான் பேசினார். “நீங்க கொத்தனார்தானே? நடுவுல ஒரு செவுரு வெச்சுடுங்க. பின்பாதியில நீங்க இருங்க, பழைய வாடகையே குடுங்க. முன்பாதிய நான் வேற ஆளுக்கு விட்டுக்கறேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிட்டார். நாலரை இஞ்ச் சுவர். பூச்சு கிடையாது, மேலே சுண்ணாம்பு மட்டும். கூலி கேட்கவில்லை. தன் வீட்டு வேலைக்கு யாராவது கூலி கேட்பார்களா என்று அன்றைக்கு நினைத்தார். ஜன்னல் அந்தப் பக்கம் போனது, பீரோ இந்தப் பக்கம் நின்றது. ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் அளந்து அளந்து நிலை வைத்தவருக்கு, தன் வீட்டுப் பீரோ எந்த வழியாக வெளியே போகும் என்று மட்டும் தோன்றவில்லை. வெளியே போகப்போகிறோம் என்றே அப்போது தோன்றவில்லை. அப்புறம் வீட்டுக்காரர் மாடி எடுத்தார். மாடிக்குச் சந்தில் படி வைத்தார். அந்தப் படியைக் கட்டியதும் கொத்தனார்தான்.

பீரோவை உள்ளே இழுத்து வைத்துவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றார். மனைவி சுருட்டிக் கட்டிய பாயின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“எனக்குத் தெரியும், இது போகாதுன்னு. படி கட்டுறப்பவே தெரியும்” என்றாள்.

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

இந்த வருஷம் வீட்டுக்காரர் மறுபடியும் வந்தார். அடுப்படியைத் தனியாகப் பிரித்தால் இன்னொரு ஆள் இருக்கலாமே என்று நின்ற இடத்திலிருந்தே சுற்றிப் பார்த்தார். “இன்னொரு செவுரு வெச்சா நின்னுக்கிட்டேதான் தூங்கணும்” என்று மனைவி அவர் காதில் விழும்படியே சொன்னாள். அதற்குப் பிறகுதான் கொத்தனார் தன் மச்சானைப் பிடித்து, பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்துக்கும் அப்பால் ஒரு வீடு பேசினார். நாலு அறை. சுற்றிலும் வெட்டவெளி. இந்தப் பாதி வீட்டுக்குக் கொடுப்பதில் கால்வாசிகூட வாடகை இல்லை. ஏன் இவ்வளவு குறைச்சல் என்று அவர் கேட்கவில்லை. வேலை இல்லாத இடத்தில் வீடு சும்மாதான் கிடக்கும். வேலைக்கு அவர் இங்கேதான் வந்தாக வேண்டும். கட்டுகிற கட்டடத்திலேயே படுத்துக்கொண்டு, லீவு விட்டால் போய்வர வேண்டும்.

மனைவிக்கு ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. நாலு அறை என்று கேட்டதும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நாலு ரூம்ல நான் ஒருத்தி என்ன பண்றது? ரூமுக்கு ஒருவேளை சாப்பிடவா?” பிறகு பாத்திரங்களைத் துணியில் சுற்றிச் சுற்றி மூட்டை கட்டினாள்.

இப்போது பாயை விட்டு எழாமலே சொன்னாள்: “பீரோ வந்தா நானும் வர்றேன். வரலைன்னா நான் அக்கா வீட்ல தங்கிக்கறேன். ஹாஸ்டல்ல இன்னும் வேலைய விட்டு நிக்கறேன்னு சொல்லல. நீங்க போய்ட்டு வாங்க.”

குரலில் கோபம் இல்லை. யாரோ கேட்ட பஸ் நம்பரைச் சொல்வது மாதிரி சொன்னாள். கொத்தனாருக்கும் அதைக் கேட்டு நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆக வேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு பையைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருந்தார். இரவு வேலை, பகல் தூக்கம். அவர் குறட்டைக்கு மனைவி ‘ஜெனரேட்டர்’ என்று பெயர் வைத்திருந்தாள். ஆறு வருஷமாகச் சாயங்காலம் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டி அவரை எழுப்புவது அவள்தான். பதிலுக்கு அவர் இரண்டு தட்டு தட்டுவார். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது ரொம்பக் குறைவு. கொத்தனார் தட்டியதும் ஜெனரேட்டர் நின்றது.

“தங்கச்சி, அதுக்குள்ள மணியாயிருச்சா?”

“நான் மேஸ்திரி பேசுறேன். செவுத்த உடைக்கணும்.”

“முழுசாவா?”

“பீரோ போற அளவுக்கு. உங்க வாசல் வழியாத்தான் எடுக்கணும்.”

“இருங்க, சட்டை போட்டுக்கறேன்.”

பக்கச் சுவரை ஒட்டி மேலிருந்து ஆரம்பித்தார். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் கலவை மாவாக உதிர்ந்தது. வீட்டுக்காரர் அன்றைக்குக் கொடுத்தது அரை மூட்டை சிமென்ட். பாக்கி எல்லாம் மணல். செங்கல் ஒவ்வொன்றும் மூலை உடையாமல் பல் விழுவதுபோல் கையோடு வந்தது. வாட்ச்மேன் அந்தப் பக்கம் நின்று வாங்கி அடுக்கினார். ஒரு கல்லின் மேலிருந்த மணலை விரலால் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

“இதுலதான் மேஸ்திரி இத்தன வருஷம் சாஞ்சு உக்காந்திருந்தேன்.”

“நல்லவேள, பலமாத் தும்மல” என்றான் டிரைவர்.

இடைவெளி இடுப்புவரை இறங்கியபோது ஜன்னல் வெளிச்சம் உள்ளே வந்தது. அடுப்படியின் கரிச்சுவர், பீரோ நின்ற இடத்தில் தரையில் நாலு துருக்கறை, மேலே ஒட்டடை, எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்தாள். வழி திறந்ததும், பீரோவுக்கு முன்னால் அவள் புகுந்து அந்தப் பக்கம் போனாள்.

நாலு பேரும் பிடித்ததில் பீரோ சுலபமாகப் போய்விட்டது. அகல வாசலில் இருபக்கமும் கை நுழையும் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, டிரைவர் வாட்ச்மேனை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனான்.

மத்தியானம் வீட்டுக்காரர் சாவி வாங்க வருவார். சுவர் இல்லையென்றால் அட்வான்ஸ் வராது. அங்கே நாலு அறையில் இரண்டுக்குக் கதவு கிடையாது, அட்வான்ஸ் வந்துதான் போட வேண்டும். கொத்தனார் தம் பாதியில் நின்று, வேலையில் மிஞ்சிய சிமென்ட்டை உதிர்ந்த மணலில் கொட்டிக் கலவை குழைத்தார். தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் இல்லை. மனைவி முன்பாதியில் நின்று கல் எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் அவருக்குச் சித்தாளாக நின்றவள், எந்தப் பக்கம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். அவர் கை பாட்டுக்கு வேலை செய்தது. முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு வந்தது, அவள் கழுத்து வந்தது.

“இங்கேர்ந்து பஸ் ஸ்டாப் தெரியும்ங்கறதையே மறந்துட்டேன்” என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

“தெரியுதா?”

“ஹாஸ்டல் பக்கம் போற பஸ்ஸு நிக்குது.”

கொத்தனார் கல்லைத் தட்டி உட்கார வைத்தார். வழிந்த கலவையைச் சாந்துக் கரண்டியால் வழித்தார்.

“பீரோ ஏறிருச்சு” என்றார்.

“ம்.”

“நீ சொன்னதுதான.”

“சொன்னேன்.”

அதற்குமேல் அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறினார். அவள் வாட்ச்மேனின் தகரப்பெட்டியை இழுத்துப் போட்டு ஏறினாள். அவள் முகம் மேலே வந்து, இன்னும் இரண்டு வரிசை வைத்ததும் மறைந்தது. பிறகு கை மட்டும் வந்தது. பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

கடைசியில் கூரைக்குக் கீழே ஒரு கல்லுக்கு மட்டும் இடம் இருந்தது. மூன்று பக்கமும் கலவை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். தெருவில் லாரி ஹாரன் அடித்தது.

“இது வெச்சா முடிஞ்சுதா?” என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

“முடிஞ்சுது. நீ அந்த வழியா வந்து லாரில ஏறிக்கோ. நான் கை கழுவிட்டு வந்துடறேன்.”

செங்கல் இடைவெளிக்குள் பாதி வந்து நின்றது. அவர் இந்த முனையைப் பிடித்தார். அவள் அந்த முனையை விடவில்லை. தள்ளவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. கல்லுக்கு மேலே விரற்கடை இடைவெளியில் அவளுடைய நான்கு விரல்களும், அவற்றுக்குப் பின்னால் ஜன்னலின் ஒரு துண்டும் தெரிந்தன. மறுபடி ஹாரன் அடித்தது. இன்னொரு கையில் இருந்த கரண்டியில் கலவை இறுக ஆரம்பித்திருந்தது.