மூன்றாவது பெட்டி வளைகாப்பு

மின்சாரக் கம்பி வந்துவிட்டால் வண்டி பறக்குமாம். பறப்பதற்கு முன்னால் அதை ஒரேயடியாக நிறுத்தி வைத்துவிட வேண்டும் போலிருக்கிறது. கம்பி இழுக்கும் வேலைக்காக இன்றிலிருந்து பாசஞ்சர் ரயில் ரத்து என்று ராயக்கோட்டை ஸ்டேஷன் பலகையில் காலையில்தான் எழுதிப் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் மெஹ்னாஸ் கைப்பையைத் தடவிப் பார்த்தாள். அதில் இருந்த கண்ணாடி வளையல்கள், சாயங்காலம் ஓசூரிலிருந்து திரும்பும்போது வண்டியிலேயே ரஞ்சிதாவின் கையில் ஏற வேண்டியவை.

ரஞ்சிதா மாரண்டஅள்ளிக்காரி. ராயக்கோட்டைக்காரி மெஹ்னாஸைப் போலவே ஓசூரில் கம்பெனி வேலை, ஆனால் வேறு கம்பெனி. மூன்றாவது பெட்டியில் எதிர் சீட். சக்தியைக் காதலித்துக் கட்டிக்கொண்டதால் பிறந்த வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். "எனக்கு யாருக்கா வளையல் போடப் போறா?" என்று ஒருநாள் வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை மெஹ்னாஸால் தாங்க முடியவில்லை. ரஞ்சிதாவுக்குத் தெரியாமல் பெட்டியில் இருந்தவர்களிடம் காதோடு காதாகப் பேசி, அவள் வேலைக்கு வரும் கடைசி நாளுக்கு ஏற்பாடு செய்தாள். அந்த நாள் இன்றுதான். நாளையிலிருந்து அவளுக்குப் பேறுகால லீவு.

இதில் ஒரு கூத்து. தினமும் ஒன்றாகப் போய்வந்து, டப்பாவைப் பங்கிட்டு, ஜன்னல் சீட்டுக்குச் சண்டையும் போட்டுக்கொண்ட அந்தப் பெட்டி ஜனத்தில் ஒருவரிடமும் இன்னொருவரின் போன் நம்பர் இல்லை. தினம் பார்க்கிற முகத்துக்கு நம்பர் எதற்கு? வண்டி என்றைக்கும் வரும் என்று நம்பிய மடத்தனம்தான், வேறென்ன.

பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு ஓசூர் போனாள். வேலை முடிந்ததும் கணவன் சாஜித் போனில் கூப்பிட்டான். "வண்டியே இல்லாத ஸ்டேஷனுக்கு யாரு வரப்போறா? பேசாம பஸ் ஏறி வூட்டுக்கு வா."

அவன் சொன்னது நியாயம்தான். இருந்தும் கால் ஸ்டேஷனுக்கே போனது.

நடைமேடை வெறிச்சென்று கிடந்தது. தண்டவாளத்தின்மேல் நின்ற வேலை வண்டியின் மேல்தட்டில் ஏறி, ஆட்கள் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக மூன்றாவது பெட்டி வந்து நிற்கும் இடத்தில், புதுக் கம்பத்துக்குப் பக்கத்தில், தூக்குச்சட்டியும் கையுமாக, அதே பெட்டியில் வரும் பவளம் உட்கார்ந்திருந்தாள். பிழைக்க வந்து பல வருஷமாகியும் திருநெல்வேலிப் பேச்சை விடாதவள்.

"ஏட்டி, நீயும் வந்துட்டியா! விடியுமுன்ன எந்திச்சுப் புளிசாதம் கிண்டினேம்லா, அதை என்ன செய்யச் சொல்லுத?"

பெட்டியில் கொத்தமல்லிக் கட்டு விற்கும் திம்மப்பனும் மல்லிகைச் சரத்தோடு வந்து சேர்ந்தார். அவர் பேச்சில் தமிழ் பாதி, கன்னடம் பாதி. "பொண்ணு எல்லிம்மா? எங்க காணோம்?"

பொண்ணைத்தான் காணோம். ஏற்பாடே தெரியாதவள் இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள். ஒரு நம்பரை வாங்கி வைக்கத் துப்பில்லையே என்று மெஹ்னாஸுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்ப எழுந்தாள்.

அப்போது, தோண்டிப் போட்டிருந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையும் இன்னொரு கையில் ஸ்வீட் பெட்டியுமாக ரஞ்சிதா மெல்ல நடந்து வந்தாள்.

"யாரு நம்பரும் எங்கிட்ட இல்லக்கா. சொல்லாமப் போறதுக்கு மனசு வரல. யாருமே இருக்க மாட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தேன்."

பவளம் அவளைக் கம்பத்தடியில் உட்காரவைத்துப் பூ வைத்தாள். "மொத வளையலப் பொறந்த வீட்டாளுதான் போடணும். போடு மெஹ்னாஸ்."

மெஹ்னாஸ் போட்டாள். ரஞ்சிதா விம்மி விம்மி அழுதாள். மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் புளிசாதம் போனது.

பஸ்ஸில் யாரோ ஒரு புண்ணியவான் எழுந்து ரஞ்சிதாவுக்கு இடம் கொடுத்தான். கண்டக்டர் வந்ததும் அவள் வளையல் கையை நீட்டினாள். "மாரண்டஅள்ளி ஒண்ணு."

மெஹ்னாஸ் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். "ராயக்கோட்டை ரெண்டு குடுங்கண்ணா."

"அக்கா, நான் மாரண்டஅள்ளி போவணும்..."

"வளையல் போட்ட பொண்ணு நேரா பொறந்த வூட்டுக்குத்தான் போவணும். சக்திய அங்க வரச் சொல்லு."