வியாழக்கிழமை ஜன்னல்

"ஹெட்டியைப் பாத்துக் கத்துக்கங்க. இந்த ஜனவரிக் குளிர்லயும் அவ வீட்டு ஜன்னல் திறந்தே இருக்கு. புருஷனுக்குத் தனிக் கட்டில், தனிக் கோப்பை. இப்படி இருந்தா நோய் ஏன் பரவப் போகுது?"

காசநோய் மருந்தகத்து நீள பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நர்ஸம்மா ட்ரெட்கோல்ட் என்னைக் காட்டி இப்படிச் சொன்னபோது எனக்கு அந்த பெஞ்சுக்கு அடியிலேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. மடியில் என் மகள் ஆலிவ் இருமிக்கொண்டிருந்தாள். எங்களைப் போலத் தெருவுக்குத் தெரியாமல் வந்திருந்த எதிர்வீட்டு டாலி என் விலாவில் இடித்தாள். "அடியாத்தி! மகாராணிக்கு மாலை போடப் போறாங்கடி."

மாலையாம் மாலை. தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றத்துக்கும் கரிப்புகைக்கும் பயந்து கோடையில்கூட ஜன்னல் திறக்காத தெரு எங்களுடையது. குளிர்காலத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் அந்த வீட்டில் சயரோகம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் ஆலிவோடு எந்தப் பிள்ளை கயிறு தாண்டும்? ஜாம் தொழிற்சாலையில் என்னைப் பழத்தைத் தொடத்தான் விடுவார்களா? அதனால் வியாழக்கிழமைதோறும் நர்ஸம்மா வீட்டைப் பார்க்க வருவதற்குமுன் ஜன்னலைத் திறப்பேன், அவர் தெருமுனை திரும்பியதும் அடித்துச் சாத்துவேன். வாரமெல்லாம் உள்ளே அடைபட்ட அந்தக் காற்றைத்தான் மூன்று பேரும் மாற்றி மாற்றி இழுத்தோம்.

ஜன்னலோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நகரசபை இரவலாகக் கொடுத்த இரும்புக் கட்டிலில் என் புருஷன் க்ளெம் ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. "தனியாப் படுத்தா இப்பவே பொட்டிக்குள்ள வெச்ச மாதிரி இருக்குடி" என்று போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். போங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அவர் வேண்டியிருந்தது. நகர்ந்து இடம் விட்டேன். நடுவில் ஆலிவ் படுத்திருந்தாள்.

அன்று மருந்தகத்தில் எங்கள் முறை வந்ததும், உள்ளே டாக்டர் ஆலிவ் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். நெஞ்சில் ஏதோ தொடங்கியிருக்கிறது, முற்றவில்லை என்றார். நர்ஸம்மா என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார்: "பயப்படாத. வீடு சரியில்லாத பிள்ளைகளைத்தான் கடற்கரை இல்லத்துக்கு அனுப்புவோம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். உன் வீட்டுக்கு நான் ஜவாப்தாரி. இவ உங்கிட்டயே இருக்கட்டும்."

தலையை ஆட்டியிருந்தால் போதும். பிள்ளை என்னோடு வந்திருப்பாள், ராத்திரி மறுபடி எங்கள் நடுவில் படுத்திருப்பாள். ஆலிவ் தன் பொத்தானைத் தானே போட முயன்றுகொண்டிருந்தாள். சட்டைக்குள் அந்தத் தோள்கள் எவ்வளவு சின்னதாக இருந்தன!

"பொய் நர்ஸம்மா" என்றேன். "எல்லாம் வியாழக்கிழமைக்கு மட்டும்தான். அவரு எங்ககூடத்தான் படுக்கிறாரு. இவ பக்கத்துல."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. "நான் கட்டிலைத் தொட்டுக்கூடப் பாக்கலயே" என்றார், தனக்குத்தானே. நாலு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு திரும்பி க்ளெமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "நாந்தான் நோயாளி, புத்திகெட்டுக் கேட்டேன். நீ ஏன்டி விட்டே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது: நீங்க இன்னும் எத்தனை நாளைக்கோன்னுதான் விட்டேன். சொன்னால் அந்த மனிதர் அன்றைக்கே செத்துப்போவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆலிவைக் கடற்கரை இல்லத்துக்குக் கூட்டிப்போக நகரசபை வண்டி வாசலில் வந்து நின்றது. தெருவே கதவைத் திறந்து பார்த்தது. அவளுக்குத் தொப்பி மாட்டி, காலுறையை இழுத்துவிட்டேன்.

"நான் இனிமே இருமவே மாட்டேம்மா" என்றாள். "சத்தியமா."

அவள் என்னைத் தாண்டி அப்பாவிடம் ஓடினாள். எங்காவது கிளம்பும்போது எப்போதும் செய்வதுபோல எம்பி நின்று கன்னத்தை நீட்டினாள். க்ளெம் பாதி குனிந்தவர் அப்படியே நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை நீட்டியபடியே நின்றாள்.