நர்சம்மா காருக்கு எலக்ட்ரிக் சோக் மாட்டிய கதை

1966 ஐப்பசியிலிருந்து நர்ஸ் ஜஹானாராவின் கார் காலை வேளைகளில் பறந்தது. இன்ஜின் சூடேறியதும் தானாக இறங்கிவிடும். காயப்போட்ட பனியன்களுக்கு மேலே கார் போகிறதே என்று முதல் வாரம் பனியன் கம்பெனிகள் நிறைந்த காதர்பேட்டையே அண்ணாந்து பார்த்தது. அடுத்த வாரம் நூல் விலை ஏறிவிட்டது, அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார டாக்டர் விட்டுச்சென்ற ஜெர்மன் கார் அது. இன்ஜின் பின்பக்கம். காற்றிலேயே குளிர்ந்துகொள்வதால் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் ஊற்ற இடம் தேடித்தேடியே ஊர் மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்கள். குளிரில் ஸ்டார்ட் ஆக, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைக் கையால் இழுக்க வேண்டும், அந்தக் கம்பியோ துருவேறிக் கிடந்தது. போன மார்கழியில் ஜஹானாரா அதோடு மல்லுக்கட்டிவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பிள்ளை மூச்சில்லாமல் பிறந்திருந்தது. பிரசவம் பார்க்கிறவளுக்கு அதைவிட வேறென்ன வலி வேண்டும்? இனி ஒரு பிள்ளையும் தனக்காகக் காத்துக்கிடக்கக் கூடாதென்று, சரக்கெடுக்க வந்த பம்பாய் வியாபாரியிடம் சொல்லி எலக்ட்ரிக் சோக் வரவழைத்தாள். உள்ளே ஒரு சுருள் இருக்கும். கரண்ட் பாய்ந்து அது சூடானால் சோக் தானாகத் திறந்துகொள்ளும்.

மாட்டியவன் பனியன் மிஷின் ஃபிட்டர் லிங்கசாமி. கீ போட்டால் கரண்ட் வரும்படி ஒயரைப் பின்சீட்டுக்கு அடியிலேயே ஒழுங்காகத்தான் கொண்டுபோனான். சோக்கின் வட்ட மூடியைத் திருகி, அதற்கென்று போட்டிருந்த கோட்டுக்கு நேராக நிறுத்தும் இடத்தில்தான் பழக்கம் கெடுத்தது. நூலுக்கு இழுப்பு வைத்தே பழகிய விரல்கள் கோட்டைத் தாண்டிப்போய், சன்னரகப் பனியனுக்கு வைக்கும் பதத்தில் நின்றன. மறுநாள் காலை கீயைத் திருப்பியதும் கார் பனியனைப் போல லேசாகி மேலே எழுந்தது. சுருள் சூடாகிச் சோக் திறந்த பிறகுதான் இறங்கியது. லிங்கசாமிக்கு மானம் போய்விட்டது.

"தப்பு என்மேலதானுங்க நர்சம்மா. கழட்டிச் சரி பண்ணிக் குடுத்தர்றனுங்க."

"ஸ்டார்ட் ஆவுதில்லீங்க, போதும். அதைத் தொடாதீங்க" என்றாள் ஜஹானாரா.

கார்த்திகையில் நொய்யல் பொங்கிப் பாலத்தை விழுங்கியது. அன்று விடிந்ததும் தென்கரையில் நின்று லிங்கசாமியின் மாமியார் பெரியாத்தாள், அவன் பெண்டாட்டி ரங்காத்தாளுக்கு வலி கண்டுவிட்டதென்று கத்தினாள். வடகரையில் மிஷின் பார்க்க வந்து மாட்டிக்கொண்ட லிங்கசாமிக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. ஜஹானாரா அவனைப் பின்சீட்டில் தள்ளிக் கீயைத் திருப்பினாள். செம்மண் தண்ணீருக்கு மேலே கார் ஜம்மென்று போனது. லிங்கசாமிக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது, ஜஹானாராவுக்கும் தொற்றிக்கொண்டது. நடு ஆற்றில் இன்ஜின் சூடேறிக் கார் இறங்கத் தொடங்கியபோதுதான் இருவரும் வாயை மூடினார்கள். டயரில் தண்ணீர் பட்டது.

"சுருளு சூடாவுதுங்க" என்று சீட்டைத் தூக்கிய லிங்கசாமி, தான் இழுத்த ஒயரைத் தானே பல்லால் கடித்து அறுத்தான். கரண்ட் நின்று சுருள் ஆறியதும் கார் துள்ளி எழுந்து கரையைத் தாண்டியது.

இப்போது இறங்க மறுத்தது. ரங்காத்தாள் முனகுவது வீட்டு ஓட்டுக்கு மேலே மிதந்த கார்வரை கேட்டது. கம்பெனிக்காரர்கள் மிஷினிலிருந்து வந்த பனியன் துணியை அப்படியே சுருட்டி மேலே வீசினார்கள். லிங்கசாமி பிடித்துப் பம்பரில் கட்டினான். தெருவே கூடி இழுத்துக் காரை வேப்பமரத்தில் கட்டியது. ஜஹானாரா இறங்கி உள்ளே ஓடிய கொஞ்ச நேரத்தில் பெண்குழந்தை தெருவே கேட்க அழுதது. ஜஹானாராவும் அழுதாள், யாரைப் பற்றியும் கவலைப்படாமல்.

வெள்ளம் வடிந்தபின் லிங்கசாமி ஒயரை ஒட்டுப்போட்டான். மூடியை மட்டும் தொடவில்லை. ஜன்னல் உயரத்தில் வரும்போது ஹாரன் அடிக்க வேண்டும் என்று நகராட்சி ஒருமுறை சொன்னது, அவளும் அடித்தாள். பனியன் காயவைப்பவர்கள் கொடியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிக்கொண்டார்கள். அந்த மார்கழியில் எந்தப் பிள்ளையும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை.