பின்கதவில் ஹாலிஹாக்

வாசல் சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவே இருந்த விரிசலில் என் உயரத்துக்கு ஒரு செடி. வெண்டை இலை போலச் சொரசொரப்பு, ஒற்றைத் தண்டு, கீழிருந்து மேலே வரிசையாகக் கருஞ்சிவப்புப் பூக்கள்.

"இது என்ன செடிம்மா?" என்று தெரு பெருக்குகிறவரிடம் கேட்டேன்.

"ஹாலிஹாக்கு. தட்டையா, வட்டமா விதை இருக்கும். விழுந்த மறு வருஷம் வெறும் இலைதான், அதுக்கடுத்த வருஷம்தான் பூக்கும். வெட்ட மனசு வரல. தெரு நெடுக நிக்குது, போய்ப் பாரு."

அக்கா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். அன்று அவள் கோட்டுப் பை நிறைய அப்படி ஒரு விதைதான் இருந்தது. பையில் ஓட்டை. தைத்துக் கொடு என்று ஒரு மாதமாகக் கேட்டாள். நான் தையல்காரி, 'நாளைக்கு' என்பது என் வாயில் தானாக வரும்.

"ஊருக்கெல்லாம் தைக்கிற, எனக்கு ஒரு பை தைக்க முடியலையாடி?"

"வரிசையில நில்லு," என்றேன். திமிர், வேறென்ன.

அப்படியே கிளம்பிப் போனவள்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி அழுதிருக்கிறேன்.

செடிகளின் பின்னாலேயே நடந்தேன். மருந்துக்கடை ஓரம் ஒன்று. சலூன் படியருகே ஒன்று. பஸ் நிறுத்தத்தில் நாலைந்து. அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது. பஸ் ஏறிவிட்டாள், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வரிசை எங்கள் வீட்டுப் பின்சந்துக்குள் திரும்பியது. அவள் போன பிறகு அந்தப் பக்கக் கதவைத் துணிமூட்டைகளால் அடைத்து வைத்திருந்தேன்.

பின்கதவருகே பதினோரு செடிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வெகுநேரம் நின்றிருக்கிறாள்.

அவள் போன அன்று சாயங்காலம் அந்தக் கதவை யாரோ தட்டினார்கள். முன்பக்கம் அலுத்துப்போன வாடிக்கைக்காரர்கள் பின்பக்கம் வந்து நச்சரிப்பது வழக்கம். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். மெஷினை நிறுத்தி, மூச்சை அடக்கி, வீட்டில் ஆளே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். குரல் கொடுத்திருந்தால் பாய்ந்து போய்த் திறந்திருப்பேன். அவள் ரோஷக்காரி, கொடுக்கமாட்டாள்.

என்னுடைய அந்தத் தந்திரம் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். மெஷின் நின்றது அவளுக்குக் கேட்டிருக்கும்.