வெங்காயக் கலர் முகூர்த்தச் சேலை

கோவை ஒப்பணக்கார வீதியில் இறங்கியதுமே கோமளாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடேயப்பா, எத்தனை கடை, எத்தனை கூட்டம்! ஒரு கடையின் பாட்டு முடியுமுன்னே அடுத்த கடையின் பாட்டு காதைப் பிடித்து இழுத்தது. கண்ணாடிக்குள் நின்ற பொம்மைகள்கூடப் பட்டு உடுத்தியிருந்தன. வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடந்தே செருப்புத் தேய்ந்தவளுக்கு இங்கே சும்மா நடப்பதே திருவிழாவாக இருந்தது.

வந்தது அவளுடைய முகூர்த்தச் சேலை எடுக்க. வாடகை சுமோவில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்திருந்தார்கள். சேலை எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளை வீட்டு உரிமை. அதிலும் மாப்பிள்ளை பூபாலனின் அக்கா மருதாள் சொல்வதுதான் சட்டம். பெண்ணையும் கூட்டி வந்ததே பெரிய மனசு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் அந்த மகராசி. கோமளாவின் அம்மா மகளைக் கிள்ளிச் சொல்லி வைத்திருந்தாள்: "அவுங்க எதை எடுத்தாலும் நல்லாருக்குதுங்கன்னு சொல்லு."

அதுதான் கோமளாவுக்கு மனசு ஆறவில்லை. தினமும் எந்தெந்த தேசத்துக்காரருக்கோ சட்டை தைத்துத் தள்ளுகிறாள். அவள் உடம்பில் ஏறியதெல்லாம் அக்கா உடுத்திக் கழித்தது, இல்லையென்றால் கம்பெனியில் கழித்துப் போட்டது. தானே பார்த்து எடுத்த துணி என்று ஒன்றுகூட இல்லை. கல்யாணச் சேலையாவது தன் கண்ணுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

பூபாலன் எதிரே டீ குடிக்கப் போய்விட, கடையில் விரிப்பின் மேல் மற்ற எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கடைக்காரர் பட்டுச் சேலைகளை ஒவ்வொன்றாக விசிறினார். மருதாள் ஓர் அரக்குச் சேலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இதுதானுங்க. பில்லு போட்டுருங்க."

அதே நேரம் அடுக்கின் அடியிலிருந்து வெங்காயத் தோல் நிறத்தில், பச்சைக் கரையோடு ஒன்று எட்டிப் பார்த்தது. கோமளா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இதுதான், இதேதான்!

"நங்கையா, அதைப் பாக்கலாமுங்களா?" என்று நாத்தனாராகப் போகிற மருதாளிடம் கேட்டாள்.

"முகூர்த்தத்துக்கு வெங்காயக் கலரா? நீ கண்ணாலத்துக்குப் போறியா, உழவர் சந்தைக்குப் போறியா?" என்று மருதாள் கேட்டதும் கூட வந்த சனம் சிரித்தது. "லைட்டுல பாரு, வெளுத்துப் போயிக் கெடக்குது."

கோமளாவுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "வெளிச்சத்துல பாத்துட்டு வந்தர்றனுங்க" என்று சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். வாசற்படியில் நின்றாளா? அதுதான் இல்லை. நேரே வீதிக்கே இறங்கிவிட்டாள். பின்னால் கடைக்காரர், "அம்மிணி, அம்மிணி, சேலைங்க!" என்று ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் அரக்குச் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருதாள்.

வெயில் பட்டதுதான் தாமதம், சேலை தகதகவென்று மின்னியது. பூக்காரி கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் போட்டுவிட்டு, "யாரு கண்ணு நீ, மகாலட்சுமியாட்ட இருக்கறே!" என்றாள். போகிற சனம் நின்று பார்த்தது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பூபாலன் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோக மறந்து நின்றான்.

அப்போது பார்த்து இன்னொரு கல்யாணக் கூட்டம் கடைக்குள் நுழைய வந்தது. அதில் வைரத்தோடு போட்ட ஓர் அம்மா கோமளாவின் தோளில் கிடந்த முந்தானையைப் பிடித்து விரித்தே பார்த்துவிட்டாள். "ஏனுங்க கடைக்காரரே, இதை எங்குளுக்குக் குடுத்துருங்க. அவுங்கதான் வேற சேலை கையில வெச்சிருக்கறாங்களே."

மருதாளுக்கு வந்ததே கோபம்! "மொதல்ல கையை எடுங்க! என்ற தம்பி பொண்டாட்டியோட முகூர்த்தச் சேலைங்க அது. நாங்க எடுத்தாச்சு!" என்று அரக்குச் சேலையைக் கடைக்காரர் கையில் திணித்தாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இனி மாற்றிப் பேச முடியுமா? ஒப்பணக்கார வீதியே சாட்சி. கோமளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டாள்!

உள்ளே மறுபடி விரிப்பில் உட்கார்ந்து, பில் போடும்வரை மருதாள் அந்தச் சேலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "என்ற கண்ணாலத்துக்கு என்னையக் கடைக்கே கூட்டியாரலை. என்ன கலருன்னு கட்டறப்பத்தான் பாத்தேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஒண்ணு எடுக்கோணும். நீயே பாத்து எடுத்துக் குடு கண்ணு."

"மாட்டனுங்க நங்கையா" என்றாள் கோமளா. "உங்குளுதை நீங்களே எடுங்க."

"உங்குளுக்கு என்ன கலருங்க காட்டட்டும்?" என்றார் கடைக்காரர்.

ஊருக்கெல்லாம் சேலை எடுத்துக் கொடுத்த மருதாளிடம் அவளுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாருமே கேட்டதில்லை. காலை இழுத்துப் போட்டுச் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"இருக்கறதையெல்லாம் எடுத்துப் போடுங்க" என்றாள்.