நடு சீட்டு

1

இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் மூன்று பேர். ஜன்னலோரம் மகள், நடுவில் அம்மா, இந்தப் பக்கம் அப்பா.

"வெயில் அடிக்குதான்னு அவளக் கேளு."

"வெயில் அடிக்குதாடி?"

"இல்லன்னு சொல்லு."

"இல்லியாம்."

ஒரு முழ தூரம். அதற்குள் ஒரு தபால் ஆபீஸ்!

2

முதல் வரி: 'செஞ்சிக் கோட்டை உச்சியிலிருந்து ஓர் அலறல்...' (அடித்துவிட்டேன். முப்பது வருடம் துப்பறியும் கதை எழுதிய பழக்கம், பிணம் விழாமல் கை ஓடாது.)

இரண்டாவது: 'கலைமதி கதவைத் திறந்தாள். தரையெல்லாம் ரத்

வேண்டாம். கலைமதி குடும்ப ஆலோசகர். ஜெராக்ஸ் கடை மாடியில் அவள் அறை. அங்கே வருகிறவர்களின் காயம் தரையில் சிந்தாது.

3

பஸ்ஸில் பார்த்தவர்களுக்குப் பெயர் வைத்து அந்த மாடி ஏற்றினேன். வல்லம் பக்கத்து துரைக்கண்ணு, மனைவி மாரியம்மாள், மகள் பூங்குழலி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு, நைனா துரைக்கண்ணுவைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டாள் பூங்குழலி. அன்றிலிருந்து நாற்பத்தோரு நாளாக அவர் அவளோடு பேசவில்லை. திங்கட்கிழமை காலை அவளுக்கு பஸ்.

கலைமதி பேப்பர் எடுக்கவில்லை. எடுத்தால் ஸ்டேஷனில் எழுதி வாங்குகிற மாதிரி மிரள்வார்கள். ஒரு கிண்ணம் வேர்க்கடலையை நகர்த்தினாள்.

"ஆளுக்கு ஒரு கடலை. உங்க வீட்டு ஆளுங்கள மேசை மேல வைங்க. செத்தவங்களையும்."

துரைக்கண்ணு வைத்துக்கொண்டே வந்தார். மாரியம்மாள் கை சும்மா இருக்காமல், அவர் வைத்ததில் ஒன்றை உடைத்து வாயில் போட்டாள்.

"அய்யோ! மாமனாரத் தின்னுட்டேன் மேடம்!"

பூங்குழலி சிரித்துவிட்டாள். துரைக்கண்ணுவின் மீசைகூட அசைந்தது. சிரிப்பு அடங்கியதும் அவராகவே ஆரம்பித்தார்.

"எங்க நைனாவுக்கு அப்போ நாலு வயசு மேடம். தாத்தாவுக்குப் பண்ணைல கூலி வேலை. 'புள்ளைக்குக் காய்ச்சல், வூட்டுக்குப் போறேன்'னு ஒரு வார்த்தை கேட்டாரு. களத்துலயே கட்டி வச்சு அடிச்சாங்க. காய்ச்சக்காரப் புள்ள எங்க நைனாதான். அவங்க அம்மா இடுப்புல இருந்து பார்த்துக்கினு இருந்தாரு. அப்புறம் ஒரு வருசம் நைனா வாயே தெறக்கல. எங்க வூட்ல கஷ்டம்னு வந்தா வாய மூடிக்குவோம். அதான் பழக்கம்."

பூங்குழலிக்கு இது புதுச் செய்தி.

"எங்கிட்ட யாரும் சொன்னதில்லயேம்மா," என்றாள். அம்மாவிடம்தான்.

4

இங்கே ஒரு சந்தேகம். என் திட்டப்படி துரைக்கண்ணுதான் வில்லன். பூங்குழலிக்கான கடலையை அவர் கடைசியாக, எல்லோருக்கும் தள்ளி, மேசையின் விளிம்பிலேயே வைத்தார். 'கல்நெஞ்சக்காரர்' என்று பாதி எழுதியபோது கலைமதி குனிந்து பார்த்தாள். விளிம்புக்குக் கீழே அவருடைய இன்னொரு கை விரிந்திருந்தது. விழுந்தால் பிடிக்க.

(அந்தக் கை என் திட்டத்தில் இல்லை. சத்தியமாக.)

கலைமதி அதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மாரியம்மாளிடம் மட்டும் சொன்னாள்: "அம்மா, இனிமே அவரு பேச்ச அவகிட்டயும், அவ பேச்ச அவருகிட்டயும் நீங்க தூக்கிக்கினு போகாதீங்க."

"நான் போவலன்னா வூடு ஊமையாப் பூடுமே மேடம்?"

"பூடட்டும். திங்கக்கெழம வரைக்கும்."

5

திங்கட்கிழமை, செஞ்சி பஸ் ஸ்டாண்ட். பூங்குழலி ஜன்னலோரம். கீழே இருவர்.

"ஏ மாரி, தண்ணி பாட்டில் எடுத்தாளான்னு கேளு."

மாரியம்மாள் பூக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"உன்னத்தான் மாரி!"

கண்டக்டர் விசில் அடித்தார்.

முடிவு அ: "பார்த்துப் போம்மா" என்கிறார். (வாசகிகளின் கடிதம் குவியும். எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: பஸ் போய்விடுகிறது. நாற்பத்தாறு நாள், நாற்பத்தேழு நாள்... (எழுத மனசு வரவில்லை.)

முடிவு இ: அவள் முந்திக்கொண்டு, "நைனா

துரைக்கண்ணு இரண்டடி நகர்ந்து ஜன்னலுக்கு நேர் கீழே வந்தார். வலது கை தானாக உயர்ந்து, ஜன்னல் விளிம்புக்குக் கீழே விரிந்தது. பூங்குழலி அந்தக் கையைப் பார்த்துவிட்டாள்.

அவர் நெஞ்சில் என்ன வார்த்தை இருந்தது என்று எனக்குத் தெரியும். இந்த ஐந்து பகுதியிலும் அவர் மனசை உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தது நான்தானே! நடு சீட்டில் உட்கார்ந்துகொண்டு.

மாரியம்மாள் இறக்கி வைத்த வேலை அது. நானும் இறக்கி வைக்கிறேன்.

பஸ் நகர்கிறது. எனக்குப் பின் சீட்டில்தானே இருக்கிறீர்கள்? ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. அந்த வார்த்தையை நீங்களே கேளுங்கள்.